நிலம் நடுங்கையில் தும்புத்தடி கேட்டவர்

எந்த மருந்தை எவ்வளவு தண்ணீரில் கலப்பது என்று நான் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. அது போத்தலிலேயே படமாகப் போட்டிருக்கிறது. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். அதனால் அந்தப் படங்களைக் கீறின ஆளுக்கு மனதுக்குள் எத்தனையோ முறை நன்றி சொல்லியிருக்கிறேன். இதை எழுதுவதற்கும் எனக்குக் கனநாள் பிடித்தது. ஆறுதலாகத்தான் எழுதினேன். துப்புரவு வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகள் நீங்களும் ஆறுதலாகவே வாசியுங்கள், கோப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

பெருமையாகவே சொல்கிறேன். சுவிஸின் பாசல் நகரத்தில் நான் வேலை செய்த காலம் முழுவதும், நான் கூட்டின இடத்தை இன்னொருவர் வந்து திரும்பக் கூட்டினது கிடையாது. என் கீழே வேலை பழகினவர்கள் இன்றைக்கு ஆஸ்பத்திரியிலும் வங்கியிலும் தனியாக ஒரு மாடியையே பொறுப்பெடுத்துச் செய்கிறார்கள். அவர்களில் ஒருத்தியைப் பற்றித்தான் இந்தக் கதை.

அதற்கு முன் ஒரு சின்ன விஷயம். எனக்கு இந்த வேலையைக் காட்டித் தந்தவர் ஒரு இத்தாலிக்காரி. அவர் கதைத்தது எனக்கு விளங்காது, நான் கதைத்தது அவருக்கு விளங்காது. முதல் நாள் வாளியும் கையுமாக அறைக்குள் போன நான், குனிந்து தரையைப் பார்த்தேன். அவர் வந்து என் தாடையைப் பிடித்து மேலே நிமிர்த்திவிட்டார். முகட்டு மூலையில் சிலந்தி வலை தொங்கியது. தூசி மேலேயிருந்துதான் வரும். மேலே பார்க்காமல் கீழே கூட்டுகிறவள் ஒரே தரையை இரண்டு தரம் கூட்டுவாள். அன்றிலிருந்து எந்த அறைக்குள் போனாலும் என் கழுத்து தானாகவே நிமிரும். இதை மறக்காதீர்கள், பிறகு தேவைப்படும்.

இனிக் கதைக்கு வருகிறேன்.

ரைன் ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு பழைய சங்க மண்டபம் எங்கள் பொறுப்பில் இருந்தது. முந்தின காலத்தில் தையற்காரர், தச்சர், இறைச்சி வெட்டுகிறவர் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் அங்கே ஒரு சங்கம் இருந்ததாம். இப்போது அந்தச் சங்கத்தில் இருப்பவர்கள் வக்கீல்களும் டாக்குத்தர்களும்தான். ஊசியில் நூல் கோக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஆனால் வருடத்தில் சில நாள் பழைய காலத்துத் தொப்பி போட்டுக்கொண்டு வந்து வடிவாகச் சாப்பிட்டுக் குடிப்பார்கள்.

பாசல் நகரத்தை நிலநடுக்கம் விழுத்தி அறுநூற்றைம்பது வருடம் ஆன குளிர்காலம் அது. மண்டபத்தில் அதைப்பற்றி ஒரு கண்காட்சி வைத்திருந்தார்கள். அந்தப் பழைய நிலநடுக்கத்தின் கதையை எனக்குச் சொன்னவர் அந்தக் கட்டிடத்தின் ஆப்வார்ட். ஆப்வார்ட் என்றால் கட்டிடத்தைப் பார்த்துக்கொள்கிறவர். சாவிகள் கோத்த திறப்புக்கோர்வை இடுப்பில் தொங்க, பஞ்சு மாதிரி மீசையோடு, சிரிக்காமல் பகிடி விடுகிற மனிதன். ஓய்வு நேரத்தில் என்னோடு கோப்பி குடிப்பார். எனக்கு விளங்கவேண்டும் என்று ஜெர்மன் சொற்களை ஒவ்வொன்றாக மேசையில் எடுத்து வைக்கிற மாதிரிக் கதைப்பார்.

அவர் சொன்னது இது. அந்தக் காலத்தில் ஒருநாள் மாலை நிலம் ஆடியதாம். வீடுகள் விழுந்ததை விட, அடுப்புகளும் தேவாலயத்து மெழுகுவர்த்திகளும் விழுந்ததுதான் பெரிய அழிவாம். நெருப்பு நாட்கணக்காக எரிந்ததாம். மிஞ்சின சனம் மதிலுக்கு வெளியே தோட்டங்களில் கூடாரம் போட்டுக் குளிரில் இருந்ததாம். அப்போது பாசலோடு பகையாக இருந்த ஒரு பிரபு, அடித்து விழுத்துவதற்கு நல்ல தருணம் என்று ஆட்கள் சொல்லியும் கேளாமல், காட்டுப் பக்கத்துக் குடியானவர்களைக் கூட்டி அனுப்பினானாம். எதற்கு? தெருக்களில் கிடந்த இடிபாடுகளை அள்ளுவதற்கு.

"பார்த்தீங்களோ, ஃபிராவ் புவா," என்றார். ஃபிராவ் என்றால் திருமதி. என் பெயர் புவனேஸ்வரி, அவருக்கு அவ்வளவுதான் வாயில் வந்தது. "கொத்தனார் வர முதல் கூட்டிறவைதான் வந்தவை. அவையும் வெளியூர் ஆக்கள்தான்."

எனக்கு அது நன்றாகப் பிடித்துப் போயிற்று. அந்தக் கிழமை முழுவதும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் கூட்டினேன்.

அந்த நேரம் என்னோடு வேலை செய்தவள் வாசுகி. முப்பது வயது இருக்கும். சண்டைக்குள்ளிருந்து தனியாக வந்து, வதிவிட அனுமதி கிடைத்து, தமையன் வீட்டில் இருந்தாள். கணவன் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தான். ஊரில் சண்டை திரும்பத் தொடங்கியிருந்த காலம். கொழும்பில் ஒவ்வொரு நாளும் தமிழ் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று கேள்விப்பட்டு அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. நிரந்தர வேலை இருந்தால்தான் அவனை இங்கே கூப்பிட விண்ணப்பிக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். அவளுக்குக் கிடைத்திருந்த முதல் வேலை இதுதான். அதுவும் பரீட்சார்த்தமாகத்தான் எடுத்திருந்தார்கள்.

அவள் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஜெர்மன்தான் வராது. எங்கள் கொம்பனி முதலாளி, நாங்கள் 'ஷெஃப்' என்று கூப்பிடுகிறவர், முடித்துவிட்டாயா என்று கேட்டால் "யா" என்பாள். முடிக்கவில்லையா என்று கேட்டாலும் "யா" என்பாள். நான் அவளுக்கு "வணக்கம், நன்றி" எல்லாம் சொல்லிக்கொடுக்கவில்லை. முதலில் கையில் பிடிக்கிற சாமான்களின் பெயரைச் சொல்லிக்கொடுத்தேன். ஐமர் என்றால் வாளி, லாப்பன் என்றால் துணி, பேசன் என்றால் தும்புத்தடி, அதுதான் விளக்குமாறு, லைத்தர் என்றால் ஏணி. வேலைக்கு நடுவே திடீரென்று "பேசன்" என்பேன், அவள் ஓடிப்போய் எடுத்து வருவாள். விளையாட்டு மாதிரி.

அந்த விளையாட்டே வினையாகப் பார்த்தது. ஒருநாள் ஷெஃப் ஒரு அலுவலகத்துக்கு வந்து, அங்கத்தைய மேலாளர் எங்கே என்று அவளிடம் கேட்டார். மேலாளருக்கும் ஜெர்மனில் லைத்தர் என்றுதான் சொல்வார்கள். இவள் உள்ளே போய் ஆறடி ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் விரித்து நிறுத்தினாள். ஏறுங்கள் என்று கையையும் காட்டினாள். நான் சிரித்துச் சிரித்து வாளியில் உட்கார்ந்துவிட்டேன். ஷெஃப் சிரிக்கவில்லை.

கண்காட்சியின் முடிவு விருந்து நடக்கிற அன்று பின்னேரம் ஷெஃப் என்னைத் தனியே கூப்பிட்டார். இந்தப் பெண்ணுக்குச் சொன்னது விளங்குவதில்லை, மாத முடிவோடு நிற்பாட்டப் போகிறேன் என்றார். இன்றைக்கு ஒரு நாள் பாருங்கள் என்று கேட்டேன். சரி, நானும் இரவு விருந்துக்கு வருகிறேன், பார்க்கிறேன் என்றார். இதை நான் வாசுகிக்குச் சொல்லவில்லை. சொன்னால் பதறுவாள், இரண்டு கிளாஸ் உடையும், அவருக்கு வேறு காரணமே தேவைப்படாது.

விருந்துக்கு மண்டபத்தை அந்தக் காலத்துத் தோட்டம் மாதிரி மாற்றியிருந்தார்கள். ஒரு மூலையில் துணிக் கூடாரம். அதைச் சுற்றிக் கல் தரையில் வைக்கோல். கூடாரத்துக்கு மேலே முகட்டிலிருந்து கயிற்றில் தொங்குகிற ஒரு பெரிய இரும்பு வளையம், அதில் சுற்றிவர உண்மையான மெழுகுவர்த்தி. வைக்கோலுக்கு மேலே நெருப்பா என்று ஆப்வார்ட் சங்கத் தலைவரோடு காலையிலேயே சண்டை பிடித்தாராம். பழைய காலம் பழைய காலமாகத்தான் இருக்கவேண்டும் என்று தலைவர் சொல்லிவிட்டாராம். சாப்பாடும் அப்படியே. பாசல்காரரின் மாச்சூப்பு. கோதுமை மாவைக் கறுக்க வறுத்துக் காய்ச்சுகிற கூழ். நீள மேசையில் வரிசையாகச் சட்டிகள், ஒவ்வொன்றின் கீழேயும் ஸ்பிரிட் விளக்கு. மா வறுபட்ட வாசம் வந்ததும் வாசுகி என் காதுக்குள், "அன்ரி, இவைக்கும் எங்கட வறுத்த மா தெரியும் போல. தேங்காய்ப்பூவைத்தான் காணேல்ல," என்றாள்.

கிளாஸ் உடைந்தால் கூட்டவும், கொட்டினால் துடைக்கவும் நாங்கள் இரண்டு பேரும் பக்கத்து நடையில் நின்றோம். ஷெஃப் நல்ல கோட்டு போட்டுக்கொண்டு வாசலருகில் நின்றார். விருந்தாளிகள் வைன் கிளாஸோடு நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் தொப்பியைச் சரிபண்ணிக்கொண்டு பேச்சுக்கு எழும்பினார்.

அப்போதுதான் ஒரு சத்தம். நிலத்துக்குக் கீழே யாரோ பெரிய கதவொன்றை அடித்துச் சாத்தின மாதிரி. கூடவே மண்டபம் ஒரு தரம் உலுக்கிற்று. கிளாஸ்கள் எல்லாம் ஒன்றோடு ஒன்று கதைத்தன. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

நிலத்துக்குள் ஆழமாகத் துளை போட்டுத் தண்ணீர் விட்டதால்தான் அது வந்தது என்று பிறகு பேப்பரில் போட்டார்கள். பெரிய நடுக்கம் இல்லை. ஆனால் அந்த நேரம் யாருக்குத் தெரியும்? நிலநடுக்கத்தைப் பற்றியே விருந்து வைத்துக்கொண்டு நின்ற சனம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றது.

எனக்கும் வாசுகிக்கும் அது வேறு சத்தம். அந்த மாதிரிச் சத்தம் கேட்டால் எங்கள் உடம்பு எங்களைக் கேட்பதில்லை. பக்கத்தில் பார்த்தேன், அவளைக் காணவில்லை. நடையின் தரையில் குப்புறப் படுத்திருந்தாள். இரண்டு கையாலும் தலையைப் பொத்தியிருந்தாள். "பிள்ளை, எழும்பு, இது அது இல்லை" என்று உலுக்கினேன். அசையவில்லை. என் உடம்புக்கு வேறு பழக்கம். ஊரில் ஷெல் சத்தம் கேட்டால் நான் முதலில் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் பதுங்கு குழிக்கு ஓடுவேன். ஆகவே அவளை விட்டுவிட்டு மேசைக்குப் போய், ஈரத்துணியால் சட்டிகளின் கீழே இருந்த விளக்குகளை ஒவ்வொன்றாக மூடி அணைத்துக்கொண்டு போனேன். ஒரு டாக்குத்தர் தன் வைன் கிளாஸைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் ஆப்வார்ட் மாடிப்படியால் இறங்கி ஓடி வந்தார். வாசலில் நின்று, உள்ளே இருந்தவர்களை வெளியே எடுப்பதற்காகப் பெருங்குரலில் கத்தினார்.

"பேபன்! பேபன்!"

பேபன் என்றால் ஜெர்மனில் நிலநடுக்கம். அந்தச் சொல்லை நான் வாசுகிக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அதற்கு என்ன தேவை? தரையில் கிடந்தவளின் காதில் அவளுக்குத் தெரிந்த பேசன்தான் விழுந்தது. நான் உலுக்கி எழும்பாதவள், வேலைக்குக் கூப்பிட்ட சத்தம் கேட்டு எழும்பினாள். சுவரில் சாத்தியிருந்த தும்புத்தடியை எடுத்தாள். சனத்தை விலக்கிக்கொண்டு நேரே ஓடிப்போய் ஆப்வார்ட்டின் கையில் கொடுத்தாள்.

அவர் தும்புத்தடியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். சனம் முழுவதும் அவர்கள் இரண்டு பேரையும் பார்த்தது. யாரோ ஒரு மனுசி களுக்கென்று சிரித்தாள். ஷெஃப் கையால் நெற்றியை மூடியதை நான் கண்டேன். அவ்வளவுதான், இவளின் வேலை போயிற்று என்று நினைத்தேன்.

அந்த நேரத்தில்தான் என் கழுத்து நிமிர்ந்தது. எல்லாரும் தும்புத்தடியைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் மேலே பார்த்தேன். உலுக்கின உலுக்கில் இரும்பு வளையம் ஒரு பக்கம் சரிந்திருந்தது. சரிந்த பக்கத்து மெழுகுவர்த்திகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்துகொண்டிருந்தன. "மேல பாருங்கோ" என்று தமிழில்தான் கத்தினேன், ஜெர்மன் வாயில் வரவில்லை. என் கை காட்டின பக்கம் ஆப்வார்ட் திரும்புவதற்குள் ஒன்று கழன்று வைக்கோலில் விழுந்தது.

வைக்கோல் எரிவதைக் கண்டவர்களுக்குத் தெரியும், அது யோசிக்க நேரம் தராது. பொசுக்கென்று பிடித்தது. கூடாரத்துத் துணி ஒரு முழத் தூரத்தில். ஆப்வார்ட் நல்ல வேலைக்காரன், வளையத்தை இறக்குகிற கயிற்றுக்குப் பாய்ந்தார். பாய முன் கையிலிருந்த தும்புத்தடியை வாசுகியின் கையிலேயே திரும்பத் திணித்தார்.

அவள் அடிக்கவில்லை. அடித்திருந்தால் பொறி பறந்திருக்கும். அவள் கூட்டினாள். எரிகிற வைக்கோலைக் கூடாரத்துப் பக்கமிருந்து இழுத்து வெறும் கல் தரைக்குக் கொண்டுவந்தாள். திரும்பிப் போய் எரியாத வைக்கோலை மற்றப் பக்கம் தள்ளினாள். நடுவில் ஒரு நடைபாதை அகலத்துக்குச் சுத்தமான தரை வந்துவிட்டது. நெருப்புக்குப் போக வழி இல்லை. நான் வாளியோடு போய் மிச்சத்தின் மேல் ஊற்றினேன். தும்புத்தடியின் தும்பு ஒரு பக்கம் கருகிப் போயிருந்தது. வளையம் மெல்ல மெல்லத் தரைக்கு இறங்கியது. ஆப்வார்ட் மிச்சத் திரிகளை விரலால் நசுக்கி அணைத்தார்.

விருந்தாளிகள் எல்லாரும் குளிரில் வெளியே ஒழுங்கைக்குள் போய் நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் திரும்ப வந்து உட்கார்ந்தார்கள். சூப்பெல்லாம் ஆறிப் போயிருந்தது, நான்தான் அணைத்துவிட்டேனே. தலைவர் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, தோட்டத்தில் கூடாரத்தில் இருந்த சனமும் இப்படித்தான் குடித்திருக்கும், இப்போதுதான் பழைய காலம் சரியாக வந்திருக்கிறது என்றார். சனம் சிரித்துச் சிரித்து ஆறின கூழைக் குடித்தது. அவரை எனக்கு அந்த ஒரு பேச்சுக்காகப் பிடித்தது.

ஷெஃப் எங்களை நடைக்குக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் பயந்துபோயிருந்தார். பயந்த மனிதர் கோபமாகத்தான் கதைப்பார். நிலநடுக்கம் என்று ஒருவர் கத்த, இந்தப் பெண் விளக்குமாறு கொண்டுவந்து கொடுக்கிறாள். நாளைக்கு ஒரு ஆஸ்பத்திரியில் "வெளியே ஓடு" என்று கத்தினால் என்ன செய்வாள்? ஆபத்து நேரத்தில் விளங்காத ஆள் மற்றவருக்கும் ஆபத்து. இதுதான் அவர் சொன்னதன் சாரம். அதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். வாசுகிக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் விஷயம் விளங்கிவிட்டது. கருகின தும்புத்தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

என் ஜெர்மன் சந்தையில் பொறுக்கின ஜெர்மன். இருந்தாலும் சொன்னேன். "ஷெஃப், அவர் சொன்னது பேபன். அவள் குடுத்தது பேசன். தேவைப்பட்டது எது?"

"அது அதிர்ஷ்டம், ஃபிராவ் புவா," என்றார் ஷெஃப். "அதிர்ஷ்டத்தை நம்பி நான் ஆள் வைக்கேலாது."

அப்போது பின்னாலிருந்து திறப்புக்கோர்வைச் சத்தம் கேட்டது. ஆப்வார்ட் வந்து எங்கள் நடுவில் நின்றார். விரல் நுனியெல்லாம் கரி. மீசையில் கொஞ்சம் வைக்கோல்.

"என்ன அதிர்ஷ்டம்? நான் பேசன்தானே கேட்டனான்," என்றார்.

ஷெஃப் அவரைப் பார்த்தார். "நீங்கள் பேபன் என்று கத்தினீங்கள். ஹோல் முழுக்கக் கேட்டது."

"ஹோல் முழுக்கப் பாசல்காரர். அவைக்கு அறுநூற்றைம்பது வருசமா அந்த ஒரு சொல்தான் காதில விழுது. வைக்கோலுக்கு மேல நெருப்பு தொங்குது, நிலம் ஆடுது. நான் வேற என்னத்தைக் கேப்பன்? இத்தனை டாக்குத்தரும் வக்கீலும் நிக்க, ஒருத்திக்குத்தான் விளங்கினது."

அவர் முகத்தில் ஒரு மயிர் அசையவில்லை. ஷெஃப் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் முகட்டைப் பார்த்தேன். கடைசியில் ஷெஃப்பின் வாய்க்கோடி கொஞ்சம் அசைந்தது. ஏணி கொண்டுவந்த அன்றைக்குச் சிரிக்காமல் வைத்திருந்த சிரிப்பு அது என்று எனக்குத் தெரிந்தது. "ஆருக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டுக் கோட்டைப் பூட்டிக்கொண்டு போனார். மாத முடிவில் அவளை நிற்பாட்டவில்லை. அடுத்த வருடமே நிரந்தரமாக்கினார், ஜெர்மன் வகுப்புக்குப் போகவேண்டும் என்ற நிபந்தனையோடு. கணவன் விமானத்தால் வந்து இறங்கின அன்று அவள் விமான நிலையத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

ஆபத்து வந்தால் என்ன செய்யவேண்டும் என்று உங்களுக்குப் பாடம் எடுப்பார்கள். கேளுங்கள், நல்லது. ஆனால் அந்த நேரத்தில் பாடம் நினைவுக்கு வராது. கை எதற்குப் பழகியிருக்கிறதோ அதுதான் வரும். ஆகவே கையை நல்லதற்குப் பழக்கி வையுங்கள். உங்களுக்குப் பிறகு புதிதாக வருகிறவளுக்கு முதலில் சாமான்களின் பெயரைச் சொல்லிக்கொடுங்கள். நிலம் ஆடினாலும் எழும்பி நிற்க அவளுக்கு ஒரு சொல் வேண்டும்.

அன்று வீட்டுக்குப் போகிற ட்ராமில் வாசுகி எனக்குப் பக்கத்தில் இருந்தாள். பாலத்துக்கு மேலே போகும்போது என் பக்கம் திரும்பினாள்.

"அன்ரி, மறைக்காமச் சொல்லுங்கோ. எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிச்சவை. அவர் உண்மையா என்னதான் கேட்டவர்?"

நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். ரைன் ஆறு தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

"தும்புத்தடிதான், பிள்ளை," என்றேன். "வேற என்னத்தைக் கேக்கப் போறார்?"